ஏதென்ஸ் வழியாக கராஜுக்கு

ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்தவனால் யாருக்கும் ஆபத்தில்லை. படிக்கவே படிக்காதவனாலும் இல்லை. முக்கால்வாசி படித்துவிட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டதே என்று லைப்ரரியில் போட்டுவிட்டு வருகிறான் பாருங்கள், அவனிடமிருந்துதான் வீட்டைக் காப்பாற்ற வேண்டும். நான் அந்த முக்கால்வாசி ஜாதி.

2012 குளிர்காலம். ஆக்லாந்தின் பக்குரங்கா பகுதியில் ஒரு பழைய மர வீட்டில் நாலு தமிழர்கள் குடியிருந்தோம். ஆக்லாந்துக் குளிர் என்றால் பனி, வெள்ளை மலை என்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பக்கூடிய குளிர் இல்லை. சும்மா ஈரம். மழை பெய்யும், நிற்கும், நாம் துணியை வெளியே கொண்டுபோனதும் மறுபடி பெய்யும். காலையில் ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் அழும். என் அறைச் சுவரில் கறுப்பாகப் பூசணம் பூத்து, நான் வந்தபோது இலங்கை அளவு இருந்தது ஆறே மாதத்தில் ஆஸ்திரேலியா ஆகிவிட்டது.

சென்னையில் நான் ஒரு கம்பெனியில் டீம் லீடர். இங்கே 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்' இல்லாததால் விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். (பெட்டிகளுக்கு நான்தான் லீடர். அவையும் எதிர்த்துப் பேசியதில்லை.) மனைவி கோமதிக்கும் மகள் வள்ளிக்கும் விசா வந்து, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. வள்ளிக்கு ஒன்பது வயது. கொஞ்சம் ஈரக்காற்று பட்டாலும் இளைப்பு வந்துவிடும் பிள்ளை. அவளை அந்த ஆஸ்திரேலியாச் சுவருக்குப் பக்கத்தில் படுக்கவைப்பதை நினைத்தால் எனக்கே மூச்சு முட்டியது. தனி வீடு தேடினால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வரிசை. இதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள், உங்களுக்குச் சிபாரிசு சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். எனக்குச் சிபாரிசு சொல்லக்கூடிய ஒரே வீட்டுக்காரர் தாம்பரத்தில் இருந்தார்.

எங்கள் வீட்டில் முன் அறை ஒன்றுதான் வடக்குப் பார்த்தது. இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். அந்த அறை மட்டும் காய்ந்து, வெதுவெதுப்பாக இருக்கும். அதில் இருந்தவர் சிவராசா அண்ணை.

யாழ்ப்பாணத்துக்காரர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. வீட்டு லீஸ் அவர் பெயரில். பேச்சு குறைவு, எதையும் சொல்லிவிட்டுச் செய்கிற பழக்கமில்லை, செய்துவிட்டும் சொல்ல மாட்டார். மற்ற இருவரில் மணியம் மலேசியா, கிள்ளான்காரன். என்னோடு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான், பேச்சுக்குப் பேச்சு மலேசிய 'லா' போடுவான். கார்த்தி கோயம்புத்தூர், ஏதோ ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணை கராஜில் கேஸ் அடுப்பு வைத்து மீன் குழம்பு வைப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த மண்சட்டியில்தான் வைப்பார். வெளிநாட்டு மண்ணை உள்ளே விடாத ஆக்லாந்து ஏர்போர்ட்டில் அந்தச் சட்டி பட்ட பாட்டை மணியம் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறான். "இதில் மண் இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்க, அண்ணை உண்மையாக, "முழுக்க மண்தான்" என்று சொல்ல, சட்டியையும் அண்ணையையும் தனியறைக்குக் கூட்டிப்போய்விட்டார்களாம். மீட்டு வந்த சட்டியை அவர் சமையலறையில் வைப்பதில்லை. பழைய சாரத்தில் (நம்ம லுங்கிதான்) சுற்றித் தன் அலமாரியிலேயே வைத்திருப்பார்.

நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. திருநெல்வேலிச் சைவம். மீன் வாடை கிளம்பும் முன்னால் குடையை எடுத்துக்கொண்டு லைப்ரரிக்குப் போய்விடுவேன். அங்கே ஹீட்டர் இலவசம். அப்படித்தான் அந்தப் புத்தகம் கையில் சிக்கியது. பண்டைய கிரேக்கர்கள் எப்படி ராஜாவிலிருந்து மக்களாட்சிக்கு வந்தார்கள் என்று படம் போட்டு விளக்கிய புத்தகம்.

படிக்கப் படிக்க எனக்கு எங்கள் வீடுதான் தெரிந்தது. முதலில் ராஜா. நம்ம அண்ணை. லீஸ் யார் பெயரிலோ அவரே மன்னர். பிறகு ராஜா தனியாக முடிவெடுக்காமல் பெரிய மனிதர்கள் நாலுபேரைச் சேர்த்துக்கொள்கிற காலம். எங்கள் வீட்டில் அண்ணையும் மணியமும் சேர்ந்து, யார் எப்போது குளிப்பது என்று தீர்மானித்த காலம் அது. (எனக்கு வந்தது வெந்நீர் தீர்ந்த பிறகு.) பிறகு டிராகோ என்று ஒருவர் வந்து சட்டத்தை எழுதிவைத்தார், சின்னத் திருட்டுக்கும் மரண தண்டனை. எங்கள் ஹீட்டரை யார் எவ்வளவு நேரம் போடலாம் என்று அதன் மேலே ஒட்டியிருந்த சட்டம் கிட்டத்தட்ட அதுதான். பிறகு சோலோன் வந்து கொஞ்சம் இளக்கினார். அதற்குப் பிறகு கொடுங்கோலர்கள். இங்கேதான் புத்தகம் ஒரு விஷயம் சொன்னது: அந்தக் காலத்தில் கொடுங்கோலன் என்றால் கொடுமைக்காரன் என்று அர்த்தமில்லை. முறைப்படி இல்லாமல் அதிகாரத்தைப் பிடித்து, ஜனங்களுக்கு நல்லது செய்து கைக்குள் போட்டுக்கொள்பவன்.

மீன் குழம்பு! எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்கள் இருவரும் ஏன் அண்ணைக்கு எதிராக வாய் திறப்பதில்லை? ஞாயிறுதோறும் விலைக்கு வாங்கப்படுகிறார்கள்!

ஒரு மனிதனிடம் போய், "அண்ணே, என் பிள்ளைக்கு இளைப்பு. கொஞ்ச நாளைக்கு உங்க அறையைத் தர முடியுமா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ ஆறுகிற நேரம். ஆனால் டீம் லீடராக இருந்தவன் கையேந்துவதா? அதனால் நான் ஏதென்ஸை ஸ்தாபிக்கக் கிளம்பினேன்.

அண்ணை எதிர்க்கவே இல்லை. அதுவே என்னை எச்சரித்திருக்க வேண்டும். "சரி தம்பி, உங்கட விளையாட்டு. நடத்துங்கோ" என்றார்.

ஏதென்ஸில் பெரும்பாலான பதவிகளுக்குத் தேர்தல் கிடையாது, குலுக்கல்தான். (நம்ம ஊர்லயும் குடத்துல ஓலை போட்டாங்களே என்பீர்கள். கார்த்தியும் கேட்டான். அந்தப் புத்தகம் லைப்ரரியில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.) அரிசி அளக்கும் டம்ளரில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். சமையல் பதவி கார்த்திக்கு விழுந்தது. அவனுக்குத் தண்ணீர் கொதித்துவிட்டதா என்பதையே விரல் விட்டுப் பார்க்கிற அளவுக்குத்தான் சமையல் தெரியும். ஊரே மணக்கச் சமைக்கும் அண்ணைக்குக் குப்பைத்தொட்டி. மணியத்துக்கு பாத்ரூம். எனக்கு ஹீட்டர்.

அந்த வாரம் முழுக்க ரசம் என்ற பெயரில் ஒன்று வந்தது. குடித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.  

"அண்ணே, இந்த கிரீஸ்காரங்க எல்லாம் செத்துப்போனது பசியிலயா லா?" என்றான் மணியம்.

"சுதந்திரம்னா மொதல்ல கசக்கத்தான் செய்யும்."

"கசக்கல லா. கருகியிருக்கு."

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் கடைசியாகப் படித்த அத்தியாயம் ஒன்று மிச்சமிருந்தது. ஏதென்ஸில் ஒருவன் கைமீறிப் போகிறான் என்று ஜனங்களுக்குத் தோன்றினால், உடைந்த சட்டிச் சில்லில் அவன் பெயரைக் கீறிப் போடுவார்கள். அதிகச் சில்லு விழுந்தவன் பத்து வருஷம் ஊரைவிட்டுப் போக வேண்டும். விசாரணை கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது. அவன் சொத்தையும் யாரும் தொட மாட்டார்கள். பத்து வருஷம் கழித்துச் சத்தமில்லாமல் திரும்பி வரலாம்.

இதை நம் வீட்டுக்கு வெட்டித் தைத்தேன். பெயர் விழுந்தவர் பத்து வாரம் தன் அறையைக் காலி செய்துவிட்டு கராஜில் படுக்க வேண்டும். பெயரைத் தமிழில்தான் எழுத வேண்டும். ஓட்டெடுப்பு ஞாயிறு காலையில். வெள்ளிக்கிழமை இடைவேளையில் கார்த்திக்கு போன் போட்டு, ஹீட்டரில் கூடுதல் நேரம் தருகிறேன் என்று சொன்னேன். மணியத்துக்கு, வேலைக்குப் போக என் காரில் நிரந்தர இடம்.

சனிக்கிழமை விடியும் முன், இருட்டில், வேலைக்குப் போக மணியம் காரில் ஏறும்போதே, "அண்ணே, நேத்து நீங்க ஓவர்டைமுக்கு நின்னப்ப அண்ணை என்னா செஞ்சாரு தெரியுமா..." என்று ஆரம்பித்தான்.

"எதுனாலும் நாளைக்குச் சபையில சொல்லு. வெளிய வச்சுப் பேசுதது சதி."

"இல்ல லா, ரூமு..."

"மணியம், சபையில."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று பிற்பகல் வீடு திரும்பியபோது எங்கள் தெரு முழுக்க வாசல் புல்லில் பழைய சோபா, உடைந்த நாற்காலி, ஓடாத டிவி என்று குவிந்திருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கவுன்சில் லாரி வந்து வேண்டாத சாமான்களை அள்ளிப்போகிற வாரம். எங்கள் கராஜ் ஓரத்திலும் சில அட்டைப்பெட்டிகள், ஒரு சூட்கேஸ், மேலே கவிழ்த்துவைத்த ஒரு மண்சட்டி. அடியெல்லாம் கறுத்து, விளிம்பில் ஒரு மூளி. யாரோ பூச்செடி வைத்திருந்து வேண்டாமென்று போட்டது போலிருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டுக்கு அட்டையைக் கிழித்துக்கொள்ளலாம் என்றிருந்தவனுக்கு அசல் சட்டி! ஏதென்ஸே நேரில் வந்து வாசலில் உட்கார்ந்ததுபோல. கராஜிலிருந்து சுத்தியலை எடுத்துவந்து போட்டேன் ஒன்று. நல்ல சட்டி, உடனே உடையவில்லை. இன்னொன்று போட்டேன். அழகான நாலு சில்லுகளைப் பொறுக்கி, சோப்புப் போட்டுக் கழுவி, என் துண்டில் துடைத்துவைத்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு திருப்தியாகச் செய்த வேலைகள் குறைவு.

ஞாயிறு காலை. தகரக் கூரையில் மழை. கராஜில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அண்ணை அதிகாலையிலேயே சந்தைக்குப் போய் மீன் வாங்கி, வெட்டிக் கழுவி, மூடிவைத்துவிட்டு வந்திருந்தார். நான் மக்களாட்சியின் மகத்துவம் பற்றிச் சுருக்கமாக (மீன் கெட்டுப்போய்விடுமே என்று மணியம் இரண்டு தடவை சொல்லும் அளவுக்குச் சுருக்கமாக) பேசிவிட்டு, ஆளுக்கொரு சில்லும் ஆணியும் கொடுத்தேன்.

கார்த்தி சில்லைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி சில்லைப் பார்த்தான்.

அண்ணை தன் சில்லைத் திருப்பினார். கறுத்த பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். சோப்பு எவ்வளவு போட்டால் என்ன, வருஷக்கணக்கான புளி போகுமா?

"தம்பி, இதை எங்கை எடுத்தனீர்?"

"வெளிய... குப்பைக்குப் போட்டிருந்ததுல."

"நான் குப்பைக்குப் போடேல்லை."

கார்த்தி என் காதுப்பக்கம் குனிந்தான். "ஏனுங்ணா, இது மீன் சட்டிங்ணா."

மணியத்துக்குப் பொறுக்கவில்லை. "அதைத்தானே லா நேத்து சொல்ல வந்தேன்! ஒங்க பொண்ணு வருதுன்னு அண்ணை அவரு ரூமைக் காலி பண்றாரு. சாமானெல்லாம் எடுத்து வெளிய வச்சாரு. ஒங்களுக்குச் சொல்லணும்னா சபையில சொல்லுன்னீங்க. இப்ப சபை. சொல்லிட்டேன்."

 நான் என் சில்லைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.  வாயில் வந்தது இது: "அப்ப... ஓட்டெடுப்பு வேண்டாமே."

"ஏன் வேண்டாம்?" என்றார் அண்ணை. "சட்டி உடைஞ்சு போச்சு. இனி வீணாக்கக் கூடாது. நடத்தும்."

நடந்தது. ஆணி கீறுகிற சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. மணியம் பாதியில் நிமிர்ந்தான். அவன் படித்தது மலாய்ப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவான், எழுத வராது.

"அண்ணே, 'நெல்லையப்பன்' தமிழ்ல எப்படி லா எழுதறது? அந்த 'லை' கொம்ப எங்க போடணும்?"

என்னை நாடுகடத்த என் பெயரை நானே சொல்லிக்கொடுத்தேன். (ஏதென்ஸிலும் ஒரு நல்ல மனிதருக்கு இப்படி நடந்ததாகச் சொல்வார்கள். எழுதத் தெரியாத ஒருவன் அவரிடமே வந்து அவர் பெயரை எழுதித் தரச் சொன்னானாம். அவர் நல்லவர் என்பதால் அது சரித்திரம். எனக்கு அது வெறும் ஞாயிற்றுக்கிழமை.) சில்லில் இடம் போதாமல் 'நெல்லை' என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

எண்ணினோம். கார்த்தியின் சில்லில் நான். மணியத்தின் சில்லில் நான், 'லை' தலைகீழாக. என் சில்லில், இந்தக் குழப்பத்துக்கு முன்பே அவசரக்காரன் நான் கீறி முடித்திருந்த சிவராசா. அண்ணை தன் சில்லைப் போடவில்லை.

"நான் இதிலை கீற மாட்டன்" என்று சொல்லி, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, நாற்காலியை மடக்கி வைத்தார். "உம்மட சட்டம். பத்துக் கிழமை. பிள்ளையும் தாயும் முன் அறையிலை. நான் உம்மட அறைக்குப் போறன். நீர் இஞ்சை." வாசலில் நின்று திரும்பினார். "மீனை அலுமினியத்திலை வைக்கிறன். கூடாமல்தான் இருக்கும்."

கூடாமல்தான், அதாவது ருசியில்லாமல்தான், இருந்தது என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும், என் தலையணைக்கு ஒரு கை தூரத்தில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார்கள்.

கோமதியும் வள்ளியும் வந்து இறங்கினார்கள். முன் அறையில் வெயில் கட்டில்மேல் விழுந்துகிடந்தது. ஜன்னல் காய்ந்திருந்தது. அண்ணை ஒரு புதுப் போர்வையும் வாங்கி மடித்துவைத்திருந்தார். கோமதி கண் கலங்கி, "எவ்வளவு நல்ல மனுசங்க கூட இருந்திருக்கீங்க" என்றாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"ஆமா, நீங்க எங்க படுப்பீங்க?"

"கராஜ்ல."

"எதுக்கு?"

"ஜனநாயகம்."

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நேராகப் போய் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர், "சட்டிதானே பிள்ளை" என்றாராம். சட்டிதான். அதற்குமேல் அவர் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. என்னோடும் அதிகம் கதைக்கவில்லை. குட் மார்னிங், பால் முடிஞ்சுது, மழை. அவ்வளவுதான்.

கராஜுக்கும் என் பழைய அறைக்கும் நடுவே ஒரே ஒரு மெல்லிய சுவர். பழைய ஆஸ்திரேலியாச் சுவர். அதன் மறுபக்கத்தில் அண்ணை இருமுவது கேட்கும். வறட்டு இருமல், ஆரம்பித்தால் லேசில் நிற்காது. முன் அறையில் வள்ளி அந்தக் குளிர்காலம் முழுக்க ஒருமுறைகூட இளைக்காமல் தூங்கினாள். அவளுக்கு வர வேண்டியது சுவரைத் தாண்டி அவருக்குப் போய்விட்டது போலிருக்கும் எனக்கு. மறுபடி குலுக்கல், மறுபடி ஓட்டு என்று எதையாவது நடத்தி அவரை அந்த அறையிலிருந்து வெளியே எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பாருங்கள், அப்போதும் நேரில் போய்ப் பேசத் தோன்றவில்லை. கடைசியில் கோமதிதான் பூசண மருந்து வாங்கி, சுவரைத் தேய்த்துக் கழுவினாள். பத்து வாரம் முடிவதற்குள் எனக்கும் யாரோ சிபாரிசு சொல்லி, சின்னதாக ஒரு வீடு கிடைத்தது. அண்ணை தன் அறைக்குத் திரும்பினார். இருமல் மட்டும் அடுத்த கோடைவரை அவரோடு இருந்தது.

என் மச்சினன் ஊரிலிருந்து வந்தபோது ஒரு மண்சட்டி கொண்டுவரச் சொன்னேன். ஏர்போர்ட்டில் அவனும் ஒரு மணிநேரம் உட்கார்ந்தான். புதுச் சட்டியை அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை தட்டினார். "பரவாயில்லை தம்பி" என்றார். அடுத்த முறை போனபோது அதில் கொத்தமல்லி முளைத்திருந்தது.

சில வருஷம் கழித்து அவர் மகளோடு இருக்க மெல்போர்ன் போனார். போகும் முன் எங்கள் வீட்டுக்கு வந்து, வள்ளியின் கையில் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். பழைய சாரத்துண்டு. உள்ளே அந்தச் சில்லு.

இப்போது நாங்கள் ஆக்லாந்திலேயே எப்சம் பகுதியில் இருக்கிறோம், வள்ளியின் பள்ளிக்கூடத்துக்காக. அங்கே கிரேக்கர்களைப் பற்றித் தனிப்பாடமே இருக்கிறது. போன வருஷம் அவளுடைய பாடப் புத்தகத்தில்தான் நான் அன்று படிக்காமல் விட்ட கால்வாசியைப் படித்தேன். நாடுகடத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தவரே அதில் முதலில் மாட்டிக்கொண்டார் என்று பிற்காலத்தில் ஒரு கதை உண்டாம். சரித்திர ஆசிரியர்கள் அதை நம்புவதில்லை. நான் நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் நான் எப்போதாவது தொண்டையைச் செருமி, "இதுல ஆளாளுக்கு என்ன நினைக்கீங்கன்னு..." என்று ஆரம்பித்தால் போதும். வள்ளி எழுந்துபோய் அந்தச் சில்லை எடுத்துவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். இன்றுவரை அதில் யார் பெயரும் இல்லை.

"ப்ளென்ட்டி ஆஃப் ரூம், அப்பா" என்பாள்.

கோமதி தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வாள்: "கராஜும் காலியாத்தான் கெடக்கு."